சவுண்ட்பாரா, ஸ்டீரியோவா, ஏ.வி. ரிசீவரா?

பாட்டும் கேட்க வேண்டும், படமும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் இருப்பது ஒரே ஹால். இப்படிக் கடைக்குப் போகிறவர் முன் மூன்று வழிகள் உள்ளன: டிவிக்குக் கீழே வைக்கும் சவுண்ட்பார், ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் கொண்ட ஸ்டீரியோ, ஏ.வி. ரிசீவருடன் (டிவியின் ஒலியை வாங்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கர்களும் கனத்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும். விற்பவர் வாட் கணக்கில் பேசுவார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒலி 3 டெசிபல் கூடவே வாட் இரட்டிப்பாக வேண்டும் என்பதால் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே காதுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள், கூட எத்தனை பேர் என்று கேட்கிறவர் கிடைத்தால் அவரிடமே வாங்கலாம்.

சவுண்ட்பாரின் பலம் வசனம். நடுவில் அதற்கென்றே ஸ்பீக்கர் உள்ள 3.1 வகையாக இருந்தால், டிவி ஒலியில் முணுமுணுப்பாகக் கேட்ட பேச்சு தெளிவாகிவிடும். ஒரு கேபிள், ஒரு ரிமோட், வேறு தொல்லை இல்லை. பாட்டு போட்டால்தான் சாயம் வெளுக்கிறது. பட்டையின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இடமும் வலமும் அவ்வளவு நெருங்கி இருந்தால் கச்சேரி மேடை எங்கே விரியும்? உள்ளே இருப்பவையும் இரண்டு, மூன்று அங்குலக் குட்டி ஸ்பீக்கர்கள். அவற்றால் கனத்த ஒலியைத் தர முடியாது என்பதால் பல மாடல்களில் 150 ஹெர்ட்ஸ் (எண் குறையக் குறைய ஒலி கனக்கும்) அளவிலேயே வேலையை சப்வூஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசை காதுக்கு எளிதில் பிடிபடாது. 150 ஹெர்ட்ஸில் பிடிபட்டுவிடும். விளைவு, மிருதங்கத்தின் வலந்தலை டிவிக்குக் கீழேயும் தொப்பி சோபாவுக்குப் பக்கத்திலும் கேட்கும். பெட்டியில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் காட்டும் நுட்பம்) என்று அச்சிட்டிருந்தால் கூரையையும் பாருங்கள். மேல்நோக்கிய ஸ்பீக்கரின் ஒலி தட்டையான கான்கிரீட்டில் பட்டுத் திரும்பினால் ஓரளவு பலிக்கும். ஓட்டு வீட்டில் அந்தக் காசு வீண்.

பாட்டுக்கு ஸ்டீரியோவை விஞ்சியது இல்லை. ஐந்து, ஆறு அங்குல வூஃபர் (கனத்த ஒலியைத் தரும் பகுதி) உள்ள, அலமாரியில் வைக்கும் அளவிலான இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, உட்காரும் இடத்தோடு சமபக்க முக்கோணமாக அமையும்படி வையுங்கள். தம்புரா அடங்குவதும் பாடகர் மூச்சு எடுப்பதும் தனித்தனியே தெரியும். அறுபதுகளின் மோனோ திரைப்பாடல்கூட இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே கச்சிதமாக வந்து நிற்கும். படத்துக்கும் இது போதும், நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு. ஓரத்து நாற்காலியில் இருக்கும் பாட்டிக்கு வசனமெல்லாம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வரும். இப்போது பல ஆம்ப்ளிஃபயர்களில் எச்.டி.எம்.ஐ. ஆர்க் (டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் வசதி) இருப்பதால் டிவி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டலாம். டிவி அமைப்பில் ஒலியை பி.சி.எம். (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என மாற்ற மறக்க வேண்டாம். பெரும்பாலான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களுக்கு டால்பி முறையில் சுருக்கிய ஒலி புரியாது, சத்தமே வராது.

அந்தப் பாட்டியின் குறையைத் தீர்ப்பது ரிசீவர். வசனத்துக்குத் தனி சென்டர் ஸ்பீக்கர். அதன் அளவை மட்டும் தனியே கூட்டலாம். மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. நள்ளிரவில் வெடிச்சத்தத்தைத் தணித்து பேச்சை மேலே கொண்டுவரவும் முடியும். ஆனால் ஸ்டீரியோவில் இரண்டு ஸ்பீக்கருக்குப் போகும் பணம் இங்கே ஐந்துக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பங்காகிறது. தவிர, ரிசீவர் சீக்கிரம் பழசாகும். ஆர்க் 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4-உடன் வந்தது, அதன் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் 2017-இல் 2.1-உடன் வந்தது, ஒவ்வொரு முறையும் பழைய பெட்டிகள் பின்தங்கின. நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வரும் 5.1 செட்டுகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தக் குட்டி ஸ்பீக்கர்களுக்கும் சவுண்ட்பாரின் அதே நோய்தான்.

தனியாகவோ இருவராகவோ கேட்பவர்கள், பாதி நேரம் பாட்டு என்றால், ஸ்டீரியோவை எடுங்கள். சப்வூஃபர் இணைக்க வழி உள்ள ஆம்ப்ளிஃபயராகப் பாருங்கள். குடும்பமே சேர்ந்து படம் பார்க்கும் வீட்டில் ரிசீவர் வாங்கலாம், ஆனால் 5.1 வேண்டாம். நல்ல புக்‌ஷெல்ஃப் இரண்டு, அதே வரிசையைச் சேர்ந்த சென்டர், ஒரு சப்வூஃபர், இத்துடன் நிறுத்துங்கள். பின்பக்க ஸ்பீக்கர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்குப் படத்தில் வேலை குறைவு, பாட்டில் இல்லவே இல்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு சவுண்ட்பார்தான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதை வாங்கினாலும் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை எதிரொலித்துக் கூசவைக்கும். விலை உயர்ந்த கேபிளுக்கு முன்பு ஒரு தடித்த ஜமுக்காளமும் ஜன்னலுக்குத் திரையும் வாங்குங்கள். அடுக்குமாடியில் சப்வூஃபரை மூலையில் வைக்காதீர்கள். மூலை அதன் ஒலியைப் பெருக்கும், கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார்.