புதுக் காருக்கு என்ஜின் புரொடெக்ட் கவர்: காசுக்குத் தகுமா?

வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாத கார். சர்வீஸ் எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறது. என்ஜின் போய்விட்டது என்கிறார்கள். அப்போது முதலில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: உள்ளே தண்ணீர் போனதா? அடியில் இடிபட்டு வெளியே ஆயில் போனதா? இரண்டில் எதற்கு ‘ஆம்’ என்றாலும் கம்பெனி வாரண்டி அங்கேயே நின்றுவிடும். வாரண்டி என்பது பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டியோடு சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்துக் கொள்வதால் பலர் நம்பியிருக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியும் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் கூடுதல் பிரீமியத்துக்கு ஒரு ஆட்-ஆன், அதாவது பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கவர், விற்கிறார்கள். என்ஜின் புரொடெக்ட், என்ஜின் செக்யூர், ஹைட்ரோஸ்டேடிக் லாக் கவர் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தாலும் சரக்கு ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கத் தகுந்தது. ஆனால் இதை மட்டும் தனியாக வாங்கினால் பாதிப் பயன்தான்.

ஆட்-ஆன் இல்லாத அடிப்படை காம்ப்ரிஹென்சிவ் பாலிசி ஏன் மறுக்கிறது என்பது புரிந்தால்தான் இதன் அருமை தெரியும். இந்திய மோட்டார் பாலிசியில் வெள்ளமும் புயலும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டவை. சீட், கார்ப்பெட், ஒயரிங், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ நனைந்தால் பணம் உண்டு. ஆனால் அதே பாலிசியின் விலக்குப் பட்டியலில் பின்விளைவு நட்டமும் (consequential loss) இயந்திரப் பழுதும் இருக்கின்றன. நின்ற தண்ணீர், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைக்காது, தண்ணீர் போன பிறகு ஸ்டார்ட் செய்ததால்தான் அது வளைந்தது, ஆகவே அது வெள்ளச் சேதம் அல்ல, பின்விளைவு என்பது இன்சூரன்ஸ் தரப்பின் வாதம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை கார்க்காரர்கள் பலர் இந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி வெள்ளம் என்று அந்தப் பாடம் திரும்பத் திரும்ப வந்தது. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறார்களே, அது வீண் பயம் இல்லை.

என்ஜினைக் கெடுக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 1197 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 299 சிசி. காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரஷன் விகிதம் 11 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 30 மில்லிலிட்டர்தான். ஆறு தேக்கரண்டி. 1493 சிசி டீசலில் விகிதம் 16 என்று வைத்தால் 25 மில்லிதான் மிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே போக இடமில்லாமல் நிற்கும்போது கிராங்க் தொடர்ந்து தள்ளும். நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. அது வளையும், முறியும், சில நேரம் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதற்குத் தண்ணீர் பானெட் வரை ஏற வேண்டும் என்பதில்லை. பல கார்களில் ஏர் இன்டேக் வாய் முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் மேல்பட்டியை ஒட்டி இருக்கும். டயர் பாதி மூழ்கிய தண்ணீரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு மாநகரப் பேருந்து கிளப்பும் அலை போதும். நிற்கும்போது என்ஜினைத் தானே அணைத்து மறுபடி கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார், ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரில் நின்றுபோன என்ஜினை வண்டியே மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலலாம். ஸ்டார்ட்-ஸ்டாப்பைத் தண்ணீரில் இறங்கும் முன்பே பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள்.

கவர் இருக்கிறது என்ற தைரியத்தில் செய்யும் ஒரு தவறு அந்தக் கவரையே வீணாக்கும். தண்ணீரில் வண்டி நின்றால் செல்ஃப் அடிக்கக் கூடாது. ஒருமுறை பார்க்கலாமே என்று கூடக் கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். பெரும்பாலான பாலிசிகளில் ‘நியாயமான கவனம்’ எடுக்கவில்லை என்றால் பணம் இல்லை என்ற நிபந்தனை உண்டு. ஈசியூவின் பதிவுகளை எடுத்துப் பார்த்து ஸ்டார்ட் செய்ய முயன்றதைக் கண்டுபிடிக்கும் சர்வேயர்களும் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் தரப்பில் வருபவர்கள்) உண்டு. எனவே இக்னிஷனை அணையுங்கள், பாதுகாப்பாக முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நம்பர் பிளேட்டும் தண்ணீர் மட்டமும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். அங்கிருந்தே இன்சூரன்ஸ் ஹெல்ப்லைனுக்குச் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் ரெக்கவரி வண்டிதான் வேண்டும், கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேருவதில் நாள் கடத்தினாலும் ஆபத்துதான். நம் ஊர் வெள்ளம் சாக்கடையும் மண்ணும் கலந்தது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் சில நாட்களிலேயே துருப்பிடிக்கும். தாமதத்தால் வந்த துரு என்று எழுதிவிட்டால் அந்தப் பகுதிக்குப் பணம் வராது. வெள்ளக் காலத்தில் ரெக்கவரி வண்டி கிடைக்காமல் போவது சகஜம். அப்படியானால் எப்போது அழைத்தீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்பதை மெசேஜாகவோ மெயிலாகவோ பதிவாக்கி வைக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் சர்வேயர் பார்ப்பதற்கு முன் என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். சரியான வரிசை இதுதான்: முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் உண்டா என்று பார்ப்பது. பிறகு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் காப்பி நிறத்தில் பால்போலக் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக், டீசல் என்றால் க்ளோ பிளக் அல்லது இன்ஜெக்டர்களைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுவது. தண்ணீர் பீய்ச்சி வெளியேறி, முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நம்பிக்கை உண்டு. ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, சிறிது ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டும். கலங்கல் தெரிந்தால் மூன்றாவது முறையும்.

இங்கேதான் அவசரப்பட்டு வண்டியை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். லேசாக வளைந்த ராடு அன்றைக்கே சத்தம் காட்ட வேண்டும் என்பதில்லை. என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து நெடுஞ்சாலையில் முறியும். அப்போது அது அந்த வெள்ளத்தால் வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம். எனவே டெலிவரி எடுக்கும் முன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளவு எழுத்தில் வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தேகம்தான். அதைவிட உறுதியான சோதனை, பிளக் துளை வழியாக ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் வருகிறது என்று டயல் கேஜால் அளப்பது. ராடு வளைந்தால் அதன் நீளம் குறையும், அந்தப் பிஸ்டன் மற்றவற்றைவிடத் தாழ்வாக நிற்கும். இதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம்.

இந்தக் கவரின் இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் மழையே பெய்யாத ஊர்க்காரருக்கும் உதவுவது அதுதான். உயரமான வேகத்தடையோ கல்லோ அடியில் இடித்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் உடைந்தால், சம்ப்புக்கான பணம் அடிப்படை பாலிசியிலேயே வரும். அது விபத்துச் சேதம். ஆனால் ஆயில் ஒழுகியது தெரியாமல் ஓட்டி, பேரிங் தேய்ந்து, கிராங்க் இறுகி, என்ஜின் சீஸ் ஆனால் அது பின்விளைவு. என்ஜின் புரொடெக்ட் இருந்தால் இதற்கும் பணம் உண்டு, கியர்பாக்ஸ் உடைந்து ஆயில் போனாலும் பெரும்பாலும் உண்டு. நிபந்தனை என்னவென்றால், அடிபட்ட தடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாலையில் ஆயில் ஒழுகிய கோட்டையும் இடித்த கல்லையும் படம் எடுங்கள். டேஷ்போர்டில் ஆயில் கேன் வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் ‘அடுத்த பங்க்கில் பார்க்கலாம்’ என்ற பேச்சே இருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும்.

அடிபட்ட தடமே இல்லாமல் ஆயில் குறைந்து சீஸ் ஆனது, கூலண்ட் ஒழுகிச் சூடேறி சிலிண்டர் ஹெட் வளைந்தது, டைமிங் செயின் பல் தாண்டியது போன்றவற்றுக்கு இந்த ஆட்-ஆன் உதவாது. அவை வாரண்டியின் பக்கம். சர்வீஸ் பில்லில் ஆயிலின் கிரேடும் கிலோமீட்டரும் சரியாக எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வாரண்டியை மறுத்தால் காரணத்தைப் படத்துடன் எழுத்தில் கேளுங்கள், கழற்றிய பாகங்களை ஸ்கிராப்புக்குப் போட விடாதீர்கள்.

இனி பணக் கணக்கு. ஒரு கற்பனை பில்: இரண்டாம் வருடத்தில் இருக்கும் 1197 சிசி கார், உலோகப் பாகங்கள் 2 லட்சம், ரப்பர்-பிளாஸ்டிக் 20 ஆயிரம், ஆயில், கூலண்ட், நட்டு-போல்ட் 12 ஆயிரம், கூலி 30 ஆயிரம். என்ஜின் புரொடெக்ட் மட்டும் இருந்தால் உலோகத்துக்கு 10 சதவீதத் தேய்மானம் 20 ஆயிரம், ரப்பர்-பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் 10 ஆயிரம், ஆயில், கூலண்ட் போன்ற கன்ஸ்யூமபிள்ஸ் முழுதும் 12 ஆயிரம், ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ஆயிரம். 43 ஆயிரம் உங்கள் பையிலிருந்து. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷனும் (ஜீரோ டெப்) கன்ஸ்யூமபிள்ஸ் கவரும் சேர்ந்திருந்தால் அந்த ஆயிரம் ரூபாய் மட்டும். தொடக்கத்தில் பாதிப் பயன் என்றது இதனால்தான். மூன்றும் ஒரு செட்.

விற்கும் இடத்தில் மறைந்துபோகும் ஒரு விஷயம் கோபத்தை வரவழைக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி 3 வருடம் கட்டாயம். ஆனால் பலருக்குக் கொடுக்கப்படும் ஒன்-பிளஸ்-த்ரீ பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒரே வருடம்தான். ‘மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்’ என்ற பேச்சை நம்பி, 13-ஆம் மாதம் தங்கள் காரின் சேதத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முதல் வருடம் டீலர் போட்ட ஆட்-ஆன், ரினியூவலில் தானாக வந்துவிடும் என்ற உறுதியும் இல்லை. ஆன்லைனில் மலிவான தொகையைக் காட்ட அதை எடுத்துவிடுவார்கள். பாலிசிக் காகிதத்தில் ஆட்-ஆன் பெயர் தனி வரியாக, தனி பிரீமியத்துடன் இருக்க வேண்டும். இடையில் சேர்க்கவும் பொதுவாக முடியாது. அதனால் செப்டம்பரில் ரினியூவல் வருகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையை மனதில் வைத்துப் பாருங்கள்.

பல நிறுவனங்கள் 5 வயது வரைதான் இதைத் தருகின்றன. முடிச்சூர், மேற்குத் தாம்பரம், வேளச்சேரி போன்ற இடங்களில் இருப்பவர்களும், மழையில் தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதை வழியாக தினம் போகிறவர்களும் அதுவரை ஒரு வருடமும் விடாமல் எடுக்கலாம். மேட்டு நிலத்தில் வீடு, நல்ல சாலை, குறைந்த ஓட்டம், உயரமான எஸ்யூவி என்றால் ஜீரோ டெப்புக்கு முதலிடம் கொடுங்கள், இது அடுத்தது. கிளெய்ம் செய்யாத வருடத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்று தயங்குகிறவர்களுக்கு: ஒரு வருடக் காருக்கு அது சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவீதம் மட்டுமே. என்ஜின் பில் முன்னால் அது ஒன்றுமில்லை.

கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கு சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மறுப்புக் கடிதத்தில் ‘பின்விளைவு நட்டம்’ என்று எழுதியிருந்து, உங்கள் பாலிசியில் என்ஜின் புரொடெக்ட் வரி இருந்தால், அந்த இரண்டு காகிதங்களையும் மனுவின் முதல் பக்கத்திலேயே இணையுங்கள்.