நேரா எலெக்ஷனா, இல்ல குழு வழியா?

ஊர்ல தலைவியா வரணும்னா ரெண்டு வழி, நேரா பஞ்சாயத்து எலெக்ஷன்ல நிக்கிறது, இல்லனா மகளிர் குழுவுல ஊக்குநரா (குழுவ முன்னின்னு நடத்துறவங்க) ஆரம்பிச்சு மெதுவா மேல வர்றது. 2016ல பெண்களுக்கு 50% ஒதுக்கீடு வந்ததால முதல் வழி வேகம்தான், ஆனா ஜெயிச்ச மறுநாளே தண்ணி வரலன்னு குடத்தோட வாசல்ல நிப்பாங்க, பழக்கமில்லாதவங்க திணறிப்போய் வீட்டுக்காரர் கையில பேனாவ குடுத்துடுவாங்க (எத்தன பாத்துருக்கோம்!).

குழுவுல 12லேந்து 20 பேரு, சேமிப்பு வசூல், தீர்மான நோட்டு, கடன் யாருக்கு முதல்லன்னு சண்டை, எல்லாத்துக்கும் நாலு பேரு முன்னாடி கணக்கு சொல்லியே தீரணும். அந்தப் பழக்கம் இருந்தா ஆகஸ்ட் 15 கிராம சபையில வரவு செலவு வாசிக்கும்போது குரல் நடுங்காது. என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், அஞ்சு வருஷம் லேட்டானாலும் பரவால்ல.