72 மணி நேரமா, 5 நாளா: அவசரக் கருத்தடையில் மாத்திரையும் காப்பர்-டியும்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணியளவில் ஆணுறை கிழிந்துவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. இன்னொரு கருவைத் தாங்க என் உடலிலும் தெம்பில்லை, வீட்டு வருமானத்திலும் இடமில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையா, கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டியா என்று அலைந்து, காப்பர்-டி போட்டுக்கொண்டவள் நான். என் சாய்வு அதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை என்பது 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். ஒரே வேளை விழுங்கினால் போதும். கருமுட்டை வெளிவருவதை அது தள்ளிப்போடுகிறதே தவிர, ஏற்கெனவே தங்கிவிட்ட கருவைக் கலைப்பதில்லை. விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். காப்பர்-டியில் உள்ள தாமிரம் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. பால்வினை நோய்களை இரண்டுமே தடுக்காது. செலவைப் பார்த்தால், மாத்திரை ஏறக்குறைய நூறு ரூபாய். காப்பர்-டி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முடிவைத் தந்தது நேரக் கணக்குதான். மாத்திரையை உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று சொல்லப்பட்டாலும், அதன் பலன் அந்த 72 மணி நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் குறைந்துகொண்டே போகிறது, கருமுட்டை வெளியேறிவிட்டிருந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2005 முதல் இந்தியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடிய இந்த மாத்திரையைச் சென்னையின் பெரும்பாலான மருந்துக்கடைகள் பல ஆண்டுகளாக வைப்பதில்லை. சனிக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் ஐந்து கடைகளில் கேட்டேன். இரண்டில் இல்லை என்றார்கள். இரண்டில் சீட்டு கேட்டார்கள். ஒன்றில், கருக்கலைப்பு மாத்திரையெல்லாம் தரமாட்டோம் என்று அருகில் நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார்கள். மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் சூலூர்பேட்டைக்குப் போனால் வாங்கலாம் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். கைக்குழந்தையை விட்டுவிட்டு, சட்டப்படி இங்கேயே கிடைக்க வேண்டிய ஒரு மாத்திரைக்காக இரண்டு மணி நேரம் ரயிலில் போவதை நினைத்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளர் பிரிவு கிடையாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அரசு மருத்துவமனை ஒன்றின் வரிசையில் நின்றபோது 58 மணி நேரம் கழிந்திருந்தது. அந்த நேரத்தில் மாத்திரை கிடைத்திருந்தாலும் அதன் பலனில் ஒரு பகுதியை நான் தேடி அலைந்ததிலேயே இழந்திருப்பேன். காப்பர்-டிக்கோ 5 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் போட்டுக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலான பாதுகாப்பு கிடைக்கிறது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் அது கெட்டுப்போவதில்லை.

வடசென்னையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எங்கள் தெருக்களில் குறைவில்லை. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ரிஃபாம்பிசின் என்ற அந்த மருந்து, அவசர மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மருந்தை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் வரை அந்தப் பாதிப்பு இருக்கும். காப்பர்-டியை அது தொடுவதே இல்லை.

என்னைப் பரிசோதித்து, கர்ப்பம் உண்டா என்று சிறுநீர் சோதனை முடித்து, காப்பர்-டியைப் பொருத்தப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. மாதவிலக்கு வலியைப் போன்ற வலி அன்று மாலைவரை இருந்தது. வீட்டுக்காரரை அழைத்து வரச் சொன்ன ஊழியரிடம், அவருடைய சம்மதம் தேவையில்லை என்று நான் சொன்னதும் மருத்துவர் அதை ஆமோதித்தார். அரசு வழிகாட்டுதலும் அதுவே. முதல் மூன்று மாதங்கள் உதிரப்போக்கு அதிகமாக இருந்ததால், ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. ஆறாவது வாரம் ஒருமுறை காட்டினேன். மாதவிலக்கு முடிந்ததும் காப்பர்-டியின் நுனியில் உள்ள நூல் இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். பராமரிப்பு அவ்வளவுதான். காப்பர்-டி 380ஏ வகையைப் பத்தாண்டுகள் வரை வைத்திருக்கலாம், வேண்டும்போது எடுத்துவிட்டுக் கருத்தரிக்கலாம். மாத்திரையோ அந்த ஒருமுறைக்கு மட்டும். மறுவாரமே ஆணுறை கிழிந்தால் மீண்டும் அதே ஐந்து கடைகள்.

ஆனாலும் என் அனுபவம் இரண்டு குழந்தை பெற்ற, திருமணமான ஒருத்தியின் அனுபவம். குழந்தை பெறாதவர்களும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம் என்பது மருத்துவ உண்மை; ஆனால் கணவர் பெயர் கேட்கும் மேசையின் முன் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாக நிற்பது எப்படியிருக்கும் என்பதை நான் நின்று அறிந்ததில்லை. அவளுக்கும், பிறப்புறுப்புப் பரிசோதனையைத் தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கும் மாத்திரையே சிறந்தது; அது அவர்கள் தெருமுனைக் கடையில் அன்றைக்கே கிடைக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் கடை கடையாக ஏற வேண்டியதில்லை: அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எந்த மருத்துவமனையும் அவருக்கு உடனே, கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கச் சட்டப்படி கடமைப்பட்டது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர் சோதனை செய்துகொள்ளுங்கள். எனக்கு நான்கு நாள் தள்ளி வந்தது.