12 × 14 அடி அறைக்கு மெருகுச் சீமெந்தா, மாபிளா?

மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள எங்கள் வீடு 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டப்பட்டது. அம்மாவின் அறைக்கு அன்று இட்ட சிவப்புச் சீமெந்துத் தரை காலப்போக்கில் வெடித்துப் பொருக்கு விட்டதால், அதை மறைக்க வினைல் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தோம். 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் வடிந்து வாசல் காய்ந்த பின்னரும், அந்த விரிப்பின் அடியில் தேங்கிய நீர் வாரக்கணக்கில் போகாமல் நாற்றமெடுத்தது. ஆகையால் விரிப்பு வகைகளை இந்த அலசலிலிருந்து முதலிலேயே விலக்கிவிட்டேன். எஞ்சியவை இரண்டு: வர்ணத்தூள் கலந்து மெருகிடும் சீமெந்துத் தரை, ஊரில் எல்லோரும் மாபிள் என்றே அழைக்கும், சூளையில் சுட்ட தரை ஓடு.

இரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் முழுச் செலவையும் முழுச் செலவோடு வைத்துப் பார்க்கிறார்கள். பழைய தரையை உடைத்து எடுப்பதும், அவ்விடத்தில் புதிதாக 2 அங்குலக் கலவை இட்டு மட்டம் பார்ப்பதும் இரண்டுக்கும் பொதுவான வேலைகள் என்பதால், அவற்றை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டியதில்லை. எங்கள் அறை 168 சதுர அடி. ஒன்றுக்கு நான்கு என்ற கலவையில் 50 கிலோ சீமெந்துப் பை 6, மணல் ஏறத்தாழ 30 கன அடி, அதாவது 100 கன அடி கொண்ட கியூபில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கடற்கரையில் கைக்கு எட்டும் மணலை மறந்துவிட்டு, விலை கூடினாலும் ஆற்று மணலையே வாங்க வேண்டும். உப்பு ஒருமுறை தரைக்குள் போய்விட்டால் எந்த மெருகும் அதை அடக்காது.

இனி மேலே வருவது. மெருகுச் சீமெந்துக்கு மேசன் சொன்ன தொகை, வர்ணமும் மேற்பூச்சும் கூலியும் சேர்த்துச் சுமார் 32,000 ரூபாய்.

மாபிளுக்குக் கணக்கு நீளமானது. 2 அடிக்கு 2 அடி என்று விற்கப்படும் ஓட்டின் உண்மையான அளவு 60 சென்றிமீற்றர் என்பதால், ஓர் ஓடு 4 சதுர அடியை அல்ல, 3.87 சதுர அடியையே மூடும். எனவே தரைக்கு 44 ஓடுகள், வெட்டிலும் உடைவிலும் போவதற்கு 4, சுவரடியில் 4 அங்குல உயரத்துக்கு ஓட்டுப் பட்டி ஓடுவதற்கு 5 என 53 ஓடுகள் தேவைப்பட்டன. பெட்டிக்கு நான்கு வீதம் 14 பெட்டி எடுத்தேன். சதுர அடி 350 ரூபாய்ப்படி அதற்கே 76,000 ரூபாயாயிற்று. விலை கேட்கும்போது 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் அதில் அடங்குகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நான் முதலில் ஏறிய கடையில் அது அடங்கவில்லை. ஒட்டும் பசை, இடைவெளி நிரப்பும் கலவை, பதிக்கும் கூலி எல்லாம் சேர்ந்து 1,11,000 ரூபாயைத் தொட்டது. மெருகுச் சீமெந்தைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

அவ்வளவு வித்தியாசம் இருந்தும் மாபிளைத் தெரிவு செய்ததற்கு அழகு காரணமல்ல. உண்மையில் மெருகுச் சீமெந்தே என் கண்ணுக்குப் பிடித்தது. கோடையில் வெறுங்காலுக்கு அது தரும் குளிர்ச்சியும் தனி. என் தயக்கமெல்லாம் பழுது பார்ப்பதில்தான் இருந்தது. ஒரே பரப்பாக இடப்படும் தரை ஓரிடத்தில் வெடித்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி நிரப்பலாம்; ஆனால் புதிய கலவையின் நிறம் பழையதோடு ஒருபோதும் சேராது. எங்கள் பழைய சிவப்புத் தரையில் மூன்று முறை இட்ட ஒட்டுகள் மூன்று நிறத்தில் கிடந்தன. வாவிக்கும் கடலுக்கும் நடுவே, மாரியில் நிலத்தடி நீர் மேலேறி வரும் மணற்பாங்கான நிலத்தில், தரை அசையாமல் வெடிக்காமல் இருக்கும் என்று எந்த மேசனும் எனக்கு உறுதி தரவில்லை. மாபிளிலோ வெடித்த ஓட்டை மட்டும் பெயர்த்து வேறொன்றைப் பதித்துவிடலாம்.

ஆனால் அந்த வேறொன்று கையில் இருக்க வேண்டும். ஒரே பெயர், ஒரே இலக்கம் கொண்ட ஓடாயினும், சூளையில் வேறொரு தொகுதியாக வெந்து வந்தால் நிறத்தில் நூலளவு மாறியிருக்கும். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கம் 14 பெட்டியிலும் ஒன்றுதானா என்று கடையிலேயே நின்று பார்த்தேன். இரண்டு பெட்டிகளை மாற்றித் தரச் சொல்ல வேண்டியிருந்தது. 53 போக மிஞ்சிய 3 ஓடுகளையும் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். செலவுப் பட்டியலில் அவற்றை வீண் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு மாபிளின் விலைக்கு நியாயம் சொல்வதே அந்த மூன்றும்தான். பதிக்கும்போதும் ஓட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் பசையை உருட்டி வைக்க விடாமல், பற்கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுக்கச் சொல்ல வேண்டும். அடியில் வெற்றிடம் விழுந்த ஓடு, தட்டினால் பானைபோல் ஒலிக்கும். கட்டிலின் கால் அதன்மேல் அமர்ந்தால் முதலில் வெடிப்பதும் அதுதான்.

வயதானவர் நடமாடும் அறை என்பதால் பளபளப்பில்லாத ஓட்டையே எடுத்தோம். அதில் அழுக்குச் சற்று அதிகம் பிடிக்கிறது. பசையோடு சேர்ந்து தரை அரை அங்குலம் உயர்ந்ததால் கதவின் அடியைச் சீவ வேண்டி வந்தது. அந்தத் தச்சுக் கூலி என் கணக்கில் முதலில் இருக்கவில்லை. வெளிச்சுவரை ஒட்டிய இடைவெளிகளில் மூன்றாம் மாதமே வெள்ளையாக உப்புப் பூத்தது. காய்ந்த தூரிகையால் தேய்த்தால் போகிறது, மழைக்குப் பின் மீண்டும் வருகிறது.

இந்தத் தரை இன்னும் ஒரு வெள்ளத்தைக் காணவில்லை. ஆகவே முழங்கால் அளவு நீர் இரண்டு நாள் நின்றால் ஓடுகள் கிளம்புமா என்பதை நான் அனுபவத்தில் சொல்ல இயலாது. மெருகுச் சீமெந்தையும் உறவினர் வீடுகளில் பார்த்ததைத் தவிர நான் பராமரித்ததில்லை. சம்மாந்துறைப் பக்கம் இறுகிய மண்ணில் மேட்டு நிலத்தில் வீடு வைத்திருக்கும் மைத்துனருக்கு அதையே போடச் சொன்னேன்; அவருடைய மூன்று அறைகளுக்கு மாபிள் என்றால் தொகை எங்கேயோ போய்விடும். எங்கள் மூன்று ஓடுகளும் அம்மாவின் அலுமாரிக்குப் பின்னால், தொகுதி இலக்கம் தெரியும்படி, பெட்டியோடு சாய்ந்திருக்கின்றன.