டிரைவிங் லைசென்ஸுக்கு மெடிக்கல் சர்டிபிகேட்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்

அப்பாவுக்கு 61 வயது, 18 வருடமாகச் சர்க்கரை, அதில் கடைசி நான்கு வருடம் இன்சுலின். லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 40 வயது தாண்டியவர்களுக்குப் பார்ம் 1-ஏ வேண்டும், அதாவது இவர் வண்டி ஓட்டலாம் என்று ஒரு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) இரண்டு நிமிடத்தில் முடிந்தது. டாக்டர் அப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சர்க்கரை இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

அந்தத் தாளோடு வெளியே வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு மாதம் முன்பு புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும்போது தவளக்குப்பம் தாண்டி வண்டி மெல்ல இடது பக்கம் மண்ணில் இறங்கியது, திரும்பிப் பார்த்தால் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. பக்கத்து மெடிக்கலில் விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் 54. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். அன்று நான் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் அந்தத் தாளை வைத்துவிட்டு, தெரிந்தவர் சொல்லி மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா அரை மணி நேரம் பார்த்தார். மாத்திரைப் பட்டையை எல்லாம் வாங்கிப் பார்த்தார், பி.பி.க்குச் சாப்பிடும் ஒரு மாத்திரை லோ சுகர் வரும்போது வருகிற படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும் என்று விளக்கினார். எங்களுக்கு அது புதிய செய்தி. "சுகர் இறங்கும்போது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுதா ஐயா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். அப்பா தெரியும் என்றார், நான் தவளக்குப்பம் கதையைச் சொன்னேன். அப்பாவுக்கு என்மேல் கோபம்தான், ஆனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார், பிரேக்கில் கால் இருப்பது தெரிய வேண்டுமே. சிவப்பு பச்சை காட்டினார், காது பார்த்தார், மயக்கம், வலிப்பு, நெஞ்சுவலி எல்லாம் விசாரித்தார். 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் படிக்க வேண்டும் என்பது பார்மிலேயே இருக்கிறது. அதற்காக வாசலுக்கே அழைத்துப்போய், தெருக்கோடியில் நின்ற காரைக் காட்டிப் படிக்கச் சொன்னார். கண்ணாடி போட்டும் கடைசி இரண்டு எண் அப்பாவுக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. கண்ணைக் காட்டிவிட்டு, மூன்று வாரம் சுகர் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அப்பா வழியெல்லாம் பேசவில்லை. 35 வருடம் ஓட்டிய மனிதருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவும் அதை உணர்ந்துதான் பேசினார், ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை.

புதுக் கண்ணாடி, மாற்றிய மாத்திரை, குறைத்த இன்சுலின் அளவு, எழுதிய நோட்டு எல்லாவற்றோடும் திரும்பப் போனபோது கையெழுத்துக் கிடைத்தது, சில அறிவுரைகளோடு: கிளம்பும் முன் சுகர் பார்க்கணும், 90க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் தொடணும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கணும், வழியில் சுகர் இறங்கினால் ஓரங்கட்டி குளுக்கோஸ் சாப்பிட்டு, சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருக்கணும். இப்போது அப்பா அப்படித்தான் செய்கிறார்.

குறையும் உண்டு. கிளினிக் மாடியில், லிஃப்ட் கிடையாது, முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். ஃபீஸ் 400, இரண்டாம் முறை வாங்கவில்லை. போகிறவர்கள் மாத்திரைப் பட்டை, பழைய ரிப்போர்ட், கண்ணாடி, பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் போங்கள். கையெழுத்து பாதி போட்டோ மேலும் பாதி தாளிலும் விழ வேண்டும் என்பதால் போட்டோவை ஒட்டியே கொண்டுபோவது நல்லது.