கராஜ் கட்டப் பெர்மிட் எடுத்துத் தருவதாகச் சொல்லி 6,800 டொலரை விழுங்கிவிட்டார்: ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள்

6,800 டொலர். பின்வளவில் தனிக் கராஜ் ஒன்று கட்டுவதற்கு மாநகரசபையின் அனுமதிப்பத்திரத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லி எங்களிடம் வாங்கிய பணம் இது. இன்றைக்குக் கராஜும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. விண்ணப்பமே போடப்படவில்லை என்பது நேற்று உறுதியாகிவிட்டது. இரவு முழுவதும் நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வழக்குப் போடப் போவதால் ஆளின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் போடவில்லை. நடந்த விதத்தைச் சொன்னால், இவரிடம் அகப்பட்டவர்களுக்குத் தானாகவே விளங்கும்.

எங்களுடையது ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோவில் பழைய ஒற்றைத் தட்டு வீடு. பின்னால் இருக்கும் மரக் கராஜ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கூரைப் பலகை உளுத்துப்போய் உள்ளே காரை விடப் பயம். கணவருக்கு விடியற்கால வேலை. பனிக்காலத்தில் நான்கு மணிக்கு எழும்பி, காரின் மேல் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுப் போகிற மனிதர். அவருக்காகத்தான் இந்தக் கராஜ். 14க்கு 24 அடி. ஒரு கார், பக்கத்தில் வேலைக் கருவிகள் வைக்க ஒரு மேசை. சீட்டுக் காசு கைக்கு வந்ததும் தொடங்குவோம் என்று இருந்தோம்.

ஒன்ராறியோவில் 10 சதுர மீற்றருக்கு மேல் எதைக் கட்டினாலும் பெர்மிட் வேண்டும். பொருள்கள் மட்டும் வைக்கிற, தண்ணீர்க் குழாய் இல்லாத தனிக் கொட்டிலுக்கு 2022 முதல் 15 சதுர மீற்றர் வரை விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கராஜ் 31 சதுர மீற்றர். ஆகவே சட்டப்படி செய்வோம் என்று முடிவெடுத்தோம். பெர்மிட் இல்லாமல் கட்டிவிட்டுப் பிறகு இடிக்கச் சொல்லும் கட்டளை வந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.

வீட்டு வேலைக்கு ஆள் தேடித் தரும் இணையத்தளம் ஒன்றில்தான் இவரைப் பிடித்தோம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம், பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற நீல அடையாளம், கீழே வரிசையாகப் பாராட்டுகள். எழுதி அனுப்பிய அன்று பின்னேரமே அழைத்தார், அதுவும் தமிழில்.

வந்த அன்று அவர் நடந்துகொண்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாமிப் படத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். தன் அம்மா பக்கத்து ஊர் என்றார். தேநீர் குடித்துவிட்டுப் பின்வளவுக்கு இறங்கி லேசர் கருவியால் அளந்தார். அந்தச் சிவப்புப் புள்ளி வேலிப் பலகையில் ஓடுவதை மாமி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் எங்கள் மேப்பிள் மரம் நிற்கிறது. அவராகவே அதனிடம் போய், நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றிப் பிடித்தார்.

"சுற்றளவு 81 சென்ரிமீற்றர் அக்கா. விட்டம் 26தான் வரும். தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த மரத்தை வெட்டவோ சேதப்படுத்தவோ தனியாக அனுமதி எடுக்க வேண்டும். நல்ல காலம், தப்பிவிட்டீர்கள்."

இது உண்மை. ரொறன்ரோவில் தனியார் வளவு மரங்களுக்கு இருக்கிற விதி அதுதான். பிறகு எந்தக் காணியில் எதை எப்படிக் கட்டலாம் என்று சொல்லும் 569-2013 என்ற வலய விதியைப் பற்றிச் சொன்னார். வேலியிலிருந்து விட வேண்டிய தூரமோ உயரமோ விதிக்குப் பொருந்தாவிட்டால் விதிவிலக்குக் கேட்டு ஒரு குழுவின் முன் போக வேண்டும், 60 மீற்றருக்குள் இருக்கும் அயலவர்களுக்கு அறிவித்தல் போகும் என்றார். அதுவும் உண்மை. அன்று அவர் விதிகளைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருவது அதனால்தான். தொழில் தெரியாத ஆள் தடுமாறினார் என்றால் மனதை ஆற்றிக்கொள்ளலாம். இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்த உண்மைகளை எடுத்துப் பரப்பி, அதைக் காட்டிக் காசு பறிக்கிறார்.

"நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் அக்கா. படம் கீறுவது, விண்ணப்பம், மாநகரசபைக் கட்டணம், குழுவுக்குப் போக வேண்டி வந்தால் அதுவும், எல்லாம் சேர்த்து 6,800. வேறு ஒரு சதமும் கேட்க மாட்டேன்."

உடனே 3,400, விண்ணப்பம் உள்ளே போனதும் மற்ற 3,400. அடுத்த மாதமே "உள்ளே போட்டாயிற்று" என்று செய்தி வந்தது. கூடவே கீறிய படத்தின் கோப்பு ஒன்று. மற்றப் பாதியையும் ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பினோம். மொத்தம் 6,800 டொலர். ஒரு வாரக் கூலியையும் விடாமல் சேர்த்த காசு.

அதன் பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. கோப்பைப் பார்க்கிற அதிகாரி விடுமுறையில் இருக்கிறார் என்றார். பிறகு அவர் மாற்றலாகிவிட்டார், புதியவர் முதலிலிருந்து பார்க்கிறார் என்றார். பிறகு மாநகரசபையின் கணினி முறையை மாற்றுகிறார்களாம். கோடை முழுவதும் இப்படியே போனது. நான் அழைத்தால் எடுக்க மாட்டார். கணவர் வேறு இலக்கத்திலிருந்து அழைத்தால் முதல் மணியிலேயே எடுப்பார், குரலைக் கேட்டதும் "வாகனம் ஓட்டுகிறேன் அண்ணை, பத்து நிமிடத்தில் எடுக்கிறேன்" என்பார். அந்தப் பத்து நிமிடம் ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் பிள்ளைக்கு வருத்தம் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அடுத்த தடவையிலிருந்து, "பிள்ளை சுகமா அக்கா?" என்று கேட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். அதைக் கேட்ட பிறகு யாருக்குச் சத்தம் போட மனம் வரும்?

வீட்டின் தேவைக்காகத் தனியாகக் கட்டுகிற, 55 சதுர மீற்றருக்கு மேற்படாத கட்டடத்துக்கு, விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 10 வேலை நாள்களுக்குள் மாநகரசபை முடிவு சொல்ல வேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டட விதி. தருவதாக இருந்தால் தர வேண்டும், மறுப்பதாக இருந்தால் காரணங்களை எழுதித் தர வேண்டும். மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் ஒரு கராஜ் விண்ணப்பம் கிடப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர் கொங்கிறீற் போடுகிற மேசன். நிலம் உறைவதற்கு முன் தளம் போட வேண்டும் என்று அவரிடம் முன்பே நாள் குறித்திருந்தோம். பெர்மிட்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "அவரைக் கிண்டத் தொடங்கச் சொல்லுங்கள் அக்கா, பத்திரம் பின்னால் வரும்." மேசன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பெர்மிட்டைக் கண்ணால் காணாமல் மண்வெட்டியை எடுக்க மாட்டேன், வேலை நடக்கும் இடத்தில் அதை ஒட்டியிருக்க வேண்டும் என்றார். நேர்மையான மனிதர். படத்தையாவது காட்டுங்கள் என்று கேட்டார். சமையலறை மேசையில் விரித்துவைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலவறைக்கு இறங்குகிற படி எங்கே?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படியே இல்லை.

படத்தில் காணியின் முன் அகலம் 50 அடி என்று போட்டிருக்கிறது. எங்களுடையது 40. மேப்பிள் நிற்கிற மூலையில் மரமே இல்லை. தெருப் பெயர் இருக்கும் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் முகவரியின் எழுத்து மற்ற எழுத்துகளைவிடத் தடிப்பாக இருக்கிறது. வேறு யாருக்கோ கீறிய படத்தில் எங்கள் முகவரியை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். நாடாவைச் சுற்றிப் பிடித்ததும் லேசர் அடித்ததும் எங்களை நம்பவைப்பதற்கு மட்டும்தான்.

கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ அல்லாத ஒருவர் இன்னொருவருடைய வீட்டுக்குப் படம் கீறிக் கொடுப்பதென்றால், பி.சி.ஐ.என். என்ற பதிவு இலக்கம் படத்தில் இருக்க வேண்டும். இந்தப் படத்திலும் ஒன்று இருந்தது. மாகாண அரசின் பொதுப் பதிவேட்டில் தேடினோம். இலக்கம் உண்மையானது, ஆனால் அது வேறொருவருடையது. அவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எங்கள் ஆளின் பெயரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். பாவம், என்னைவிட அவர்தான் அதிகம் பதறிப்போனார்.

அன்றே பெர்மிட்காரரிடம் கோப்பு இலக்கத்தைக் கேட்டேன். தந்தார். ரொறன்ரோவில் இந்த இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் விண்ணப்பித்த ஆண்டைக் குறிக்கும். அவர் தந்தது 23 என்று தொடங்கியது. நாங்கள் அவரைச் சந்தித்ததே 2025 வசந்தத்தில். மாநகரசபையின் இணையப் பக்கத்தில் யாரும் முகவரியையோ இலக்கத்தையோ போட்டு நிலைமையைப் பார்க்கலாம். இலக்கத்தைப் போட்டேன். வேறொரு தெருவில் யாருடையதோ பின்பக்க மரமேடைக்கான பெர்மிட் வந்தது. எங்கள் முகவரியைப் போட்டேன். ஒன்றும் இல்லை. நேற்று தொலைபேசியிலும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். எங்கள் வீட்டு முகவரியில் எந்த விண்ணப்பமும் வரவில்லை.

அவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "அது உள் இலக்கம் அக்கா, உங்களுக்கு விளங்காது." எனக்கு விளங்காதாம்! 6,800 டொலரை வாங்கும்போது எல்லாம் விளங்கப்படுத்தினவர் இவர். திருப்பித் தாருங்கள் என்றதும் குரல் மாறியது. "வேலை செய்த காசு. திருப்பித் தருகிற வழக்கம் இல்லை." அதோடு எங்கள் இரண்டு இலக்கங்களையும் தடை செய்துவிட்டார்.

இணையத்தளத்துக்கு எழுதினோம். "நாங்கள் இரு தரப்பையும் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே" என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த நீல அடையாளம் எதற்கு? எதைச் சரிபார்த்தீர்கள் என்று திரும்பக் கேட்டேன். தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் அவருடையவைதானா என்று பார்ப்பார்களாம். அவ்வளவுதான். தொழில் தகுதியைப் பார்ப்பதில்லை. நடந்ததை மதிப்புரையாக எழுதினேன், நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். அவருடைய ஐந்து நட்சத்திரம் இன்னும் அப்படியே மினுங்குகிறது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. வங்கியும் கையை விரித்துவிட்டது. நாங்களே விரும்பி அனுப்பிய ஈ-ட்ரான்ஸ்ஃபராம், அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, தனி ஆளின் கணக்குக்குப் போயிருக்கிறது.

இப்போது எங்களிடம் இருக்கிற பிடி ஒன்றுதான். ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கு வந்து செய்கிற ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே அதை இரத்துச் செய்யலாம். சட்டம் கேட்கிற விவரங்களோடு எழுத்தில் தராவிட்டால் ஒரு வருடம் வரை உரிமை உண்டு. எங்களுக்கு அவர் தந்தது கைபேசியில் வந்த நான்கு வரிதான். ஆகவே இரத்துச் செய்யும் அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அது கிடைத்து 15 நாள்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். வராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம். 2025 ஒக்டோபர் 1 முதல் அங்கே 50,000 டொலர் வரை கேட்கலாம், எங்கள் 6,800 தாராளமாக அடங்கும்.

செய்ய வேண்டியவற்றை எல்லாம் ஒழுங்காக எழுதுவேன் என்று நினைத்திருந்தேன். இப்போது மனம் நிற்கவில்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

மாநகரசபைக் கட்டணத்தை வேறு ஆளின் கையில் கொடுக்காதீர்கள். நீங்களே நேரடியாகக் கட்டிப் பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் வாங்குங்கள். முற்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். படத்தில் இருக்கும் பி.சி.ஐ.என். இலக்கத்தைப் பதிவேட்டில் தேடி, அந்தப் பெயருக்கு உரியவரிடமே பேசுங்கள். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.

பெர்மிட் வருமுன் கிண்டச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். வேலை தொடங்கியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டு உரிமையாளர். தண்டம் முதல் தடவையிலேயே 50,000 டொலர் வரை போகலாம்.

யாரிடமாவது பெர்மிட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றிரவே உங்கள் முகவரியை மாநகரசபையின் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால், அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.