கேசட் கீச்சுன்னு கத்துதுன்னு கடைல குடுக்கப் போறீங்களா? குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வீட்ல பழைய கேசட் வச்சிருக்கவங்க, அதுலயும் வீட்டு ஆளுங்க குரல் பதிஞ்ச கேசட் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எனக்கு 5,800 ரூபா போச்சு, அது கூட பரவால்ல, எங்க அத்தா (அப்பா) பேசுனதுல 40 செகண்டு போயிருச்சு, அதுதான் ஆறவே மாட்டேங்குது.

எங்க அத்தா 1984-லேர்ந்து சவுதில தமாம்ல வேலை பாத்தாங்க. அப்ப போன் பேசறதெல்லாம் நெனச்சே பாக்க முடியாது, எங்க அறந்தாங்கி பக்கம் சபுராளி (வெளிநாட்டுக்கு சம்பாதிக்கப் போனவங்க) வீடுன்னாலே கேசட்ல பேசித்தான் அனுப்பிக்குவாங்க. லீவுல ஊருக்கு வர்றவங்க கைல சி-60 கேசட் வரும், ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் பிள்ளைங்க எங்களுக்கு. சலாம் சொல்லி ஆரம்பிச்சு ஒவ்வொருத்தர் பேரா சொல்லி விசாரிப்பாங்க, நடுவுல அவங்க ரூம்ல ஃபேன் ஓடுற சத்தம் கூட கேக்கும். அத்தா 2009-ல மௌத்தாயிட்டாங்க. மிச்சம் இருக்கறது நாலே நாலு கேசட்டு, அவங்க கொண்டாந்த ஜப்பான் டூ-இன்-ஒன் செட்டு.

போன நோன்புல அம்மா கேக்கணும்னு ஆசைப்பட்டாங்கன்னு எடுத்துப் போட்டேன். சலாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள கீஈஈச்சுன்னு ஒரு சத்தம், காஞ்சு போன கிணத்து ராட்டினத்துல கயிறு இழுத்தா வருமே, அதே மாதிரி. வால்யூமை சுத்தமா கொறைச்சாலும் செட்டுக்குள்ளேர்ந்து கேக்குது, கூட்டுனா ஸ்பீக்கர்லயும் அத்தா குரலோட சேந்து கேக்குது.

நான் இப்ப இருக்கறது திருச்சி. பழைய ஆடியோ செட்டு ரிப்பேர் பண்ணித் தரோம், கேசட்டை எம்பி3 ஆக்கித் தரோம்னு விளம்பரம் போட்டிருந்த ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடை பேரு இங்க போடலை, யாரும் கேக்காதீங்க. அந்தத் தம்பி ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டாரு, செட்டைத் தொறக்கக் கூட இல்ல, "ஹெட்டு தேஞ்சு போச்சுக்கா, இந்த மாடல் ஹெட்டு இப்ப எங்கயும் கெடைக்காது, என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு, 2,800 ஆகும்"னாரு. ஹெட்டுன்னா ரீலை ஒரசி அதுல இருக்கற குரலை எடுக்கற சின்ன பாகம். நானும் சரின்னுட்டேன். ஒம்பது நாள் கழிச்சு ஹெட் மாத்தியாச்சுன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு, அதை நல்ல வேளை அழிக்கலை.

வாங்கிட்டு வந்த அன்னைக்கு சத்தமே இல்ல. அம்மா உக்காந்து ஒரு பக்கம் முழுசா கேட்டாங்க. மறுநாள் அத்தா குரல் இழுத்து இழுத்து வந்துச்சு, மூணாவது நாள் ரீலு ரப்பர் ரோலர்ல போயி சுத்திக்கிட்டு செட்டு நின்னே போச்சு. மூடியைத் தொறந்தா உள்ள ரீலு கொசகொசன்னு கெடக்குது. கை நடுங்கிருச்சுங்க எனக்கு.

திரும்பவும் அவர்கிட்டயே போனதுதான் தப்பு. இப்ப கதையே மாறிருச்சு, "செட்டு நல்லாத்தான் இருக்கு, கேசட்டுதான் ஈரம் இழுத்துருக்கு, சூடு பண்ணி எடுத்தாத்தான் ஓடும், நாலையும் வச்சிட்டுப் போங்க, சூடு பண்ணி எம்பி3 போட்டுத் தரேன், ஒண்ணுக்கு 750"ன்னாரு. மூவாயிரம் குடுத்தேன், பில் கேட்டதுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்யல, அப்புறம் தரேன்னாரு, இன்னை வரைக்கும் வரலை. பென்டிரைவ்ல வந்த ஃபைலைப் போட்டுக் கேட்டா ரெண்டு கேசட்டுக்கு மறுபக்கமே இல்ல. மிச்சத்துல கீச்சு சத்தத்தை எடுக்கறேன்னு ஏதோ ஃபில்டர் போட்டு அத்தா குரல் தகர டப்பாக்குள்ளேர்ந்து பேசற மாதிரி ஆயிருச்சு, ஃபேன் சத்தமும் காணோம். ஒரு கேசட்டு மேல்பக்கம் லேசா வளைஞ்சிருந்துச்சு. என்ன தம்பி இதுன்னு கேட்டா ஹேர் டிரையர்ல காட்டுனேன்க்கா, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்கங்கறாரு.

எல்லாரும் அப்படிச் செய்யறதில்லங்க. டேப்பை சூடு பண்றதுங்கறது நெசமாவே உள்ள வைத்தியம்தான், ஆனா அது பெரிய ஸ்டூடியோ ஸ்பூல் டேப்புக்கு, 70கள் 80கள்ல வந்த சில ரகத்துக்கு மட்டும். அதுல குரல் பதியற காந்தப் பூச்சை ரீலோட பிடிச்சு வைக்கிற பசை ஈரத்தை இழுத்து பிசுபிசுன்னு ஆயிரும், அதை 54 டிகிரி பக்கத்துல அளவா வச்சு எட்டு மணி நேரத்துக்கும் மேல காய வைப்பாங்க. வீட்டு கேசட்டுக்கு அது தேவைப்படறதே அபூர்வம், ஹேர் டிரையர்ல காட்டுனா பிளாஸ்டிக் கூடு கோணிக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, புதுக்கோட்டைல 80கள்ல ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்த ஒரு ஐயா இருக்காங்க, நம்ம பாட்டு லிஸ்ட்டு எழுதிக் குடுத்தா கேசட்ல பதிஞ்சு தருவாங்களே, அந்தக் காலத்து ஆளு. சொந்தக்காரங்க சொல்லி அவங்ககிட்ட போனேன். செட்டைத் தொறந்ததும் மொதல்ல டார்ச் அடிச்சு ஹெட்டைத்தான் காட்டுனாங்க. ஹெட்டோட சாய்வை செட் பண்ற சின்ன ஸ்க்ரூ தலைல கம்பெனில வச்ச பச்சைப் பெயிண்டுப் பொட்டு அப்படியே உடையாம இருக்கு. "ஹெட்டு மாத்துனா இதைத் திருப்பாம மாத்த முடியாதும்மா, இது பொறந்ததுலேர்ந்து யாரும் தொட்டதே இல்ல"ன்னாங்க. ஹெட்டு மேல ரீலு ஓடி ஓடி விழுந்த பழைய தடமும் அப்படியே இருந்துச்சு. எனக்கு அப்பதான் வயிறு எரிஞ்சுச்சு. இன்னொண்ணும் சொன்னாங்க, ஹெட்டு தேஞ்சா குரல் கணீர்னு இல்லாம மொத்தையா கேக்குமாம், கீச்சு சத்தத்துக்கு மொதல்ல சந்தேகப்பட வேண்டியது ஹெட்டே இல்லையாம்.

அந்தத் தம்பி செஞ்சது என்னன்னா கேட்டுக்கும் பூட்டுக்கும் அடிக்கிற துரு ஸ்ப்ரேயை உள்ள அடிச்சு விட்டிருக்காரு. அதான் ஒரு நாள் சத்தம் இல்லாம ஓடிருக்கு. ரீலை இழுத்து விடறதே அந்த ரப்பர் ரோலரும் பக்கத்துல சுத்தற கம்பியும்தான், அதுல எண்ணெய் பட்டா பிடிமானம் போயி வழுக்கும், ரப்பரும் ஊதிரும், பெல்ட்டும் வழுக்கும், அப்புறம் ரீலு சுத்திக்காம என்ன செய்யும்? எண்ணெய் போடற எடம் அந்தக் கம்பியோட அடி பேரிங் மட்டும்தான், அதுவும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஹெட்டு, ரோலரெல்லாம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தொடைச்சா போதும், செல்போன் ரிப்பேர் பண்றவங்க கிட்டயே அது இருக்கும்.

அப்புறம் கேசட்டு. நாலும் ஸ்க்ரூ போட்ட கூடுதான், அஞ்சு ஸ்க்ரூ. என்னைக் கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லி, மேஜைல வெள்ளைத் துணி விரிச்சு, மேல் மூடியை மட்டும் நேரா மேல தூக்குனாங்க. உள்ள ரெண்டு சக்கரத்துலயும் ரீலு பழுப்பு வளையல் மாதிரி உக்காந்திருக்கு, அதுக்கு மேல கீழ ஒரு மெல்லிசு ஷீட்டு, அது ஓரம் சுருண்டு ரீலு மேல ஒரசிட்டு இருந்துச்சு. முன்னாடி ஹெட்டு வந்து மோதற எடத்துல பித்தளைத் தகடு மேல ஒரு பஞ்சு ஒட்டிருக்கும், அதை நகத்தால தொட்டுப் பாருன்னாங்க, மண்ணாங்கட்டி மாதிரி கெட்டியா இருந்துச்சு, மேல பழுப்புப் பொடி. ரீலு செகண்டுக்கு 4.76 செ.மீ. வேகத்துல மெதுவாத்தான் ஓடுது, வழுக்கிட்டுப் போகாம ஒட்டி ஒட்டி விட்டு நகந்தா வீணைக் கம்பி மாதிரி அதிரும், அந்த அதிர்வுதான் நமக்குக் கீச்சுன்னு கேக்குது. எம்பி3 ஆக்கும்போது அந்த அதிர்வு குரலோடயே கலந்து பதிஞ்சிருதுனால ஃபில்டர் போட்டு எடுத்தா குரலும் சேந்து போயிருமாம். ஐயா ஒரு நல்ல காலி கேசட்டைப் பிரிச்சு, அந்தக் கூட்டுக்குள்ள எங்க ரீலை சக்கரத்தோட அப்படியே எடுத்து வச்சாங்க, மூலைல இருக்கற குட்டி உருளையைச் சுத்தி விட்டு மூடி, ரெண்டு பக்கமும் முழுசா ஒரு தடவை ஓட்டி விட்டாங்க. அவ்வளவுதான். சத்தம் இல்ல. ரோலர், பெல்ட்டு, நாலு கேசட்டு எல்லாம் சேத்து 1,100 ரூபாதான் வாங்குனாங்க. கசங்குன ரீலை வெட்டாம விரல்ல நீவி விட்டாங்க, ஆனா அந்த 40 செகண்டு சத்தம் முங்கி முங்கித்தான் வருது. என் தம்பிக்கு என்ன வாங்கிருக்கேன்னு அத்தா சொல்ற எடம் அது. அது வரும்போது அம்மா "சிவப்புக் கார், சாவி குடுத்தா ஓடும்"னு தானே சொல்லிடறாங்க.

அதனால சொல்றேன், கீச்சு சத்தம் வந்தா மொதல்ல வேற ரெண்டு கேசட்டு போட்டுப் பாருங்க. எல்லாத்துலயும் கத்துனா செட்டு, ஒண்ணுல மட்டும் கத்துனா அந்த கேசட்டு, இதைத் தெரிஞ்சுக்காம கடைக்குப் போகாதீங்க. சத்தம் வரும்போது விடாம ஓட்டிட்டே இருக்காதீங்க. ரிப்பேர் ஆன செட்டுல மொதல்ல ஏதாவது வேண்டாத பாட்டு கேசட்டை ரெண்டு நாள் ஓட்டுங்க, வீட்டுக் கேசட்டைப் போடாதீங்க. எந்த சாமானை மாத்துனாலும் பழசைக் கையில கேட்டு வாங்குங்க. குரல் இருக்கற கேசட்டை வச்சிட்டுப் போங்கன்னு சொன்னா வைக்காதீங்க, பக்கத்துல உக்காந்து வேலையை முடிச்சு வாங்கிட்டு வாங்க.

வாட்ஸ்அப் மெசேஜ், பணம் அனுப்புன ஸ்க்ரீன்ஷாட், அந்த பெயிண்டுப் பொட்டு போட்டோ மூணையும் வச்சு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன். பதில் வந்ததும் இங்கயே போடறேன்.